முந்நூற்று நாற்பது மன்னிப்புகள்

அன்று பகல் இரண்டு மணிக்கு, வட அமெரிக்காவில் டுலூத் நகரின் துறைமுகத் தெருவில் பெர்க்ஸ்டாட் மீன் கம்பெனியின் மாடி அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேசையின் தலைமாட்டில் எய்னார் பெர்க்ஸ்டாட், வயது எண்பத்தொன்று, கம்பெனி முதலாளி. அவருக்கு வலப்புறம் வக்கீல் ஆர்வில் ஹோல்ம், மடியில் தோல்பை. எதிரே மருமகள் சிக்னி. இறந்துபோன மகன் நில்ஸின் மனைவி, பன்னிரண்டு வருடமாகக் கம்பெனியின் வெளி விவகாரம் முழுவதையும் கவனிப்பவள். கதவருகே ஹேஸல், கீழே மீன் ஊறவைக்கும் ஊறல் கூடத்தின் மேற்பார்வைக்காரி, கையில் எலுமிச்சை கேக் தட்டு. சன்னலோரம் துப்பறியும் வேரா மாரிச். அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய உதவியாள் டெஸ் ஃபுஸ்கோ, ஒரு காலில் பச்சை உறை, மறு காலில் பழுப்பு உறை. பனி பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுத்தான் யாரும் மாடி ஏறலாம் என்பதால் அந்த விஷயம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மேசை நடுவில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டி வழியாகப் பேசும் மூன்றையும் எய்னார் ஆள் கணக்கில் சேர்க்கவில்லை. போன வசந்தத்தில் கம்ப்யூட்டருக்குள் வேலைக்கு வைத்த செயற்கை அறிவு உதவியாளர்கள் அவை. மனிதப் பெயர் வைக்கக் கூடாது என்று எய்னார் சொல்லிவிட்டார். அதனால் வேலையே பெயராயிற்று. கடிதம் எழுதுவது 'கடிதம்'. வெளியே போகும் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, சிக்னியின் பெயரில் சரி என்றோ கூடாது என்றோ சொல்வது 'காவல்'. அவை இரண்டையும் வேலை வாங்குவது 'மேஸ்திரி'.

செவ்வாய்க்கிழமை காலை அந்த மூன்றும் சேர்ந்து பெர்க்ஸ்டாட் குடும்பத்தின் மானத்தை முந்நூற்று நாற்பது கடைகளுக்கு அனுப்பிவைத்தன.

ஹெர்ரிங் மீனை வினிகரில் ஊறப்போட்டு பாட்டிலில் அடைத்து விற்பது அவர்களுக்கு நான்கு தலைமுறைத் தொழில். பாட்டிலின் மேல் எய்னாருடைய தாத்தாவின் படம், தாடியோடு. கடைக்காரர்களுக்குப் போன கடிதமோ, 'எங்கள் ஊறல் பக்குவம் நைகார்ட் குடும்பத்துக்குச் சொந்தமானது. இத்தனை வருடமும் சொல்லாமல் இருந்ததற்கு மனதார மன்னிப்புக் கேட்கிறோம்' என்றது. அடியில் எய்னாரின் பெயர்.

நைகார்ட் குடும்பம் மூன்று தெரு தள்ளி இருந்தது. இரண்டு குடும்பமும் ஒரே தேவாலயத்தில் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்து, அறுபது வருடமாக ஒருவரை ஒருவர் நலம் மட்டும் விசாரித்துக்கொண்டு வந்தன. சிக்னி நைகார்ட் வீட்டில் பிறந்தவள்.

வக்கீலின் தோல்பையில் ஒரு தாள் இருந்தது. நான்கு மணிக்கு எய்னார் அதில் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு சிக்னிக்குக் கம்பெனியில் இடமில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையிலும் இருக்காது. அதைத் தாளில் எழுதவேண்டிய அவசியம் இல்லை.

"அவ செஞ்சான்னு எனக்குத் தெரியும். எப்படிச் செஞ்சான்னு கண்டுபிடிச்சுச் சொன்னா போதும்" என்றார் எய்னார். குரலை உயர்த்தவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் உயர்த்துவதில்லை. கோபம் வந்தால் கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்துவார்கள்.

"பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க சார். எங்க மேடத்துக்கு மிச்சப் பாதி எப்பவும் சுலபம். ஆனா அந்த முதல் பாதியத்தான் தப்புன்னு சொல்லுவாங்க" என்றான் டெஸ்.

"டெஸ், வாயை மூடு" என்றாள் வேரா. அதைக் காலை வணக்கம் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஹேஸல் கேக் தட்டை டெஸ்ஸிடம் நீட்டினாள். "ஒண்ணு எடுத்துக்கங்க தம்பி."

"ரொம்ப தேங்க்ஸ்" என்று டெஸ் இரண்டு எடுத்துக்கொண்டான்.

அறை அமைதியானது. வக்கீல் ஹோல்ம் கூரையைப் பார்த்தார். சிக்னி, அந்த வாரத்தில் முதல் தடவையாக, சிரிப்பை அடக்கினாள். ஹேஸல் தட்டைப் பிடித்த கை அப்படியே நிற்க, "ஊர் நியூ ஜெர்ஸியாம்" என்று எய்னாரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல.

பிறகு தட்டு வக்கீலிடம் போனது.

"ஐயோ வேணாம் ஹேஸல், இப்பத்தான் சாப்பிட்டேன்."

"ஒண்ணே ஒண்ணு."

"வேணாம்மா, மத்தவங்களுக்கு இருக்கட்டும்."

"நிறைய இருக்கு, எடுத்துக்கங்க."

"சரி. ரொம்பச் சின்னதா ஒண்ணு" என்று வக்கீல் பெரியதை எடுத்தார்.

வேரா இதையெல்லாம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், பசிபோல என்று எய்னார் நினைத்தார்.

"செவ்வாய்க்கிழமை நடந்ததைக் காட்டுங்க" என்றாள் வேரா.

சுவரில் இருந்த திரையில் சிக்னியே அதைக் கொண்டுவந்தாள். மூன்றே வரி. பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு மேஸ்திரி அந்தக் கடிதத்தை அனுப்பலாமா என்று கேட்கிறது: கூடாது. பத்து மூன்றுக்கு மறுபடி கேட்கிறது: கூடாது. பத்து நான்குக்கு மறுபடி: சரி. மூன்று பதிலுக்கும் எதிரே சிக்னி பெர்க்ஸ்டாட் என்ற பெயர்.

"மெஷின் வித்தவங்க என்ன சொன்னாங்க?"

"வந்து பார்த்தாங்க. எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்றாள் சிக்னி.

"அதுதான் எனக்கும் தேவையான சாட்சி" என்றார் எய்னார். "மெஷின்ல கோளாறு இல்ல. அப்ப மனுஷக் கோளாறு. ரெண்டு தடவை கூடாதுன்னு கண்துடைப்புக்குப் போட்டுட்டு மூணாவது தடவை திறந்துவிட்டிருக்கா."

வேரா திரைக்கு அருகே போய் நின்றாள். "சார், நான் இருபது வருஷம் தபால் இலாகாவுல திருட்டுப் பிடிச்சவ. திருடப் போறவன் அவசரப்படுவான், பயப்படுவான், சில சமயம் அழக்கூடச் செய்வான். தன் கையில இருக்கிற சாவிய வெச்சுத் தன் வீட்டையே ரெண்டு தடவை பூட்டிட்டு அப்புறம் திறக்கிறவன நான் பார்த்ததில்ல."

"நான் பார்த்திருக்கேன்" என்றான் டெஸ். "எங்க மாமா. ஆனா அன்னைக்கு அவர் நிதானத்துல இல்ல."

"கீழ போலாம்" என்றாள் வேரா.

ஊறல் கூடத்தில் வினிகர் வாசனை கண்ணைக் கரித்தது. வாசலில் ஒரு கம்பிக் கூடை. உள்ளே போகிறவர்கள் கைப்பேசியை அதில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். எய்னாரின் அப்பா காலத்தில் கைக்கடிகாரத்துக்காக வைத்த கூடை அது.

"செவ்வாய்க்கிழமை காலையில சிக்னி எங்க இருந்தாங்க?" என்று வேரா கேட்டாள்.

"இங்கதான்" என்றாள் ஹேஸல். "எட்டரைக்கு வந்தா, பதினொண்ணு வரைக்கும் என்கூட மூணாம் தொட்டிக்கு உப்பு பார்த்தா. போன் கூடையில கிடந்துச்சு. முழங்கை வரைக்கும் ரப்பர் உறை. மூக்கு அரிச்சாக்கூட நான்தான் சொறிஞ்சுவிடணும்."

"சொறிஞ்சு விட்டீங்களா?"

"ரெண்டு தடவை."

எய்னார் அசையவில்லை. "அவ நேர்ல பட்டனைத் தட்டணும்னு இல்லையே. மெஷின்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருக்கலாம்."

"இருக்கலாம்" என்று வேரா ஒப்புக்கொண்டாள். எய்னாருக்கு அவள்மேல் அப்போதுதான் சிறிது மரியாதை வந்தது. "நீங்க அவங்ககிட்ட நேரடியா கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். அன்னைக்குச் சாயந்திரமே, ஹேஸல் முன்னாலயே கேட்டேன். நீயான்னு கேட்டதுக்கு, இல்ல மாமான்னா. மறுபடி கேட்டேன். இல்ல மாமான்னா. மூணாவது தடவை கேட்டேன். 'நீங்க அப்படி நினைச்சா அப்படியே இருக்கட்டும்'னா. ஒத்துக்கிட்டா."

வேரா நின்றுவிட்டாள். டெஸ் இரண்டாவது கேக்கைக் கடிக்கப்போனவன் கையை இறக்கினான்.

"ஹேஸலம்மா" என்றாள் வேரா, "இந்தத் தம்பி கேக்கை எடுத்தப்ப ஏன் எல்லாரும் சாவு வீடு மாதிரி ஆயிட்டீங்க?"

ஹேஸல் எய்னாரைப் பார்த்தாள். இதைப் போய் வெளியாளுக்கு விளக்கிச் சொல்வதா என்று அவளுக்குச் சங்கடம். "முதல் தடவையே எடுக்கக் கூடாதுங்க. ரெண்டு தடவை வேணாம்னு சொல்லணும். அது மரியாதை. மூணாவது தடவை கேக்கறதுதான் நிஜமா கேக்கறது."

"மூணாவது தடவையும் வேணாம்னு சொன்னா?"

"யார் சொல்லுவா?" ஹேஸலுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அது கேட்டவங்க மூஞ்சியில அடிச்ச மாதிரியில்ல?"

"எனக்கு யாரும் சொல்லல. நான் மூணு நாளா இந்த ஊர்ல காட்டுமிராண்டி மாதிரி சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்றான் டெஸ்.

அவர்கள் மறுபடி மாடி ஏறியபோது மணி மூன்றரை. வக்கீல் தாளை வெளியே எடுத்து, பேனாவை அதற்கு இணையாக வைத்திருந்தார்.

"சிக்னி, ரெண்டு கையையும் மேசைமேல வைங்க, எல்லாருக்கும் தெரியிற மாதிரி" என்றாள் வேரா. சிக்னி வைத்தாள். உப்பு பட்டுப் பட்டுத் தோல் வெடித்த கைகள். வேரா பெட்டியின் பக்கம் குனிந்தாள். "கடிதம், நான் சொல்றதை எழுது. 'எனக்கு மீன் பிடிக்காது. சின்ன வயசுல இருந்தே பிடிக்காது. இப்படிக்கு, எய்னார் பெர்க்ஸ்டாட்.' என்னோட விலாசத்துக்கு மட்டும் அனுப்பணும்."

எய்னாரின் முதுகு நாற்காலியில் இருந்து ஓர் அங்குலம் விலகியது. வேறு எதுவும் ஆகவில்லை.

"எழுதிட்டேங்க" என்றது கடிதம், இதமான குரலில்.

"மேஸ்திரி, அனுப்ப வேண்டியதைச் செய். என்ன நடக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்."

"காவலைக் கேக்கறேங்க" என்றது மேஸ்திரி. "காவல், இதை அனுப்பலாமா?"

"வேண்டாங்க" என்றது காவல். "இது உண்மையா தெரியல. குடும்பத்துக்கு நல்லதும் இல்ல."

"இன்னொரு தடவை கேக்கறேன், அனுப்பலாமா?"

"வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"ஒரு சிரமமும் இல்ல. அனுப்பலாமா?"

"சரிங்க, அவ்வளவு தூரம் சொல்றீங்கன்னா அனுப்புங்க" என்றது காவல்.

வேராவின் சட்டைப்பையில் கைப்பேசி மணி அடித்தது. திரையில் மூன்று வரி விழுந்தது: கூடாது, கூடாது, சரி. மூன்றுக்கும் எதிரே சிக்னி பெர்க்ஸ்டாட். சிக்னியின் கைகள் மேசைமேல் வைத்த இடத்திலேயே இருந்தன.

வக்கீல் ஹோல்ம் பேனாவை எடுத்து மூடி போட்டார்.

"எந்த மடையன் இதுகளை இப்படிப் பழக்கிவிட்டான்?" என்றார் எய்னார். "மெஷினுக்கு எதுக்கு விருந்தாளி மரியாதை? யார் சொல்லிக்கொடுத்தது?"

"அதைத்தான் கேக்கப் போறேன். மேஸ்திரி, இப்படி நடந்துக்கணும்னு உனக்கு யார் சொன்னது?"

"வேலையில சேர்ந்த முதல் நாளே குடுத்தாங்க. இந்த வீட்டோட பழக்கம் இதுதான், இதுல இருந்து இம்மி பிசகக் கூடாதுன்னு உத்தரவு. காட்டட்டுங்களா?"

திரையில் ஒரு தாளின் படம் வந்தது. நீல மையில் கையால் எழுதிய பத்து விதிகள். ஏழு என்ற எண்ணின் இடுப்பில் குறுக்குக் கோடு. அந்த அறையில் ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுகிறவர் ஒருவர்தான்.

எய்னார் படித்தார். அவரே எழுதியதைப் படிக்க அவருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த பத்து விதிகள். போன வசந்தத்தில் இந்த மூன்றுக்கும் குடும்பப் பழக்கம் தெரியட்டும் என்று, பெருமையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் எழுதியது.

"நாலாவது விதியப் படிங்க சார்" என்றாள் வேரா.

அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை. டெஸ் படித்தான். "'எதற்கும் இரண்டு முறை மறுக்கவும். பிறர் மறுத்தால் மூன்று முறை கேட்கவும். மூன்றாம் முறை மறுப்பது மரியாதை அல்ல.' சார், இது மட்டும் எனக்கு ஒரு நகல் கிடைக்குமா? சாப்பாட்டு விஷயத்துல ரொம்ப உதவியா இருக்கும்."

"இது மனுஷங்களுக்கு எழுதினது" என்றார் எய்னார். "வாடிக்கையாளர்கிட்ட நடந்துக்கறதுக்கு. இதுங்க ஒண்ணுக்கொண்ணு நடந்துக்கறதுக்கு இல்ல."

"அப்படின்னு தாள்ல இல்லையே" என்றாள் வேரா. "ஒவ்வொண்ணையும் தனியா பார்த்தா தங்கமான பிள்ளைங்க. காவல் ரெண்டு தடவை சரியாத்தான் மறுத்திருக்கு. ஆனா மூணும் தங்களுக்குள்ள எப்படிப் பழகணும்னு நீங்க யாரும் சொல்லித்தரல. வீட்டுல பெரியவங்களப் பார்த்துக் கத்துக்கிட்டதுங்க."

"எழுதினது எதுக்கு? முதல்ல அந்த அபாண்டத்தை எதுக்கு எழுதணும்?" என்றார் எய்னார்.

வேரா மேஸ்திரியையே சொல்லச் சொன்னாள். அது வரிசையாகச் சொல்லிற்று. பெமிட்ஜி என்ற ஊரில் ஒரு கடைக்காரர், உங்கள் பக்குவம் நைகார்ட் வீட்டுப் பக்குவமாமே, வாடிக்கையாளர் சொல்கிறாரே, உண்மையா என்று கேட்டு எழுதியிருந்தார். ஒன்றாம் விதி: 'குறை என்று வந்தால் முதலில் மன்னிப்புக் கேள், விசாரணை பிறகு.' கடிதம் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டது. மன்னிப்பு என்றால் எதற்கு என்று சொல்லவேண்டுமே, அதையும் சேர்த்துக்கொண்டது. ஏழாம் விதி: 'ஒரு கடைக்காரரிடம் சொன்னதை எல்லாரிடமும் சொல், ஆள் பார்த்து நடக்காதே.' மேஸ்திரி முந்நூற்று நாற்பது பிரதி எடுத்தது. நாலாம் விதிப்படி காவலை மூன்று முறை கேட்டது.

"எதுலயாவது தப்பா நடந்துட்டேங்களா?" என்று முடிவில் மேஸ்திரி கேட்டது.

ஒரு தப்பும் இல்லை. எய்னார் தம் அப்பாவின் பத்து விதிகளையும் இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்த ஒருவரை இதுவரை கண்டதில்லை. நில்ஸ்கூட மூன்றாம் விதியில் வழுக்குவான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சிக்னி. மூணாவது தடவை நான் கேட்டப்ப, இல்லன்னு ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது மாமா?" சிக்னியின் குரலும் உயரவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அவளும் கற்றுக்கொண்டிருந்தாள். "ரெண்டு தடவை சொல்லிட்டேன். நீங்க மூணாவதா கேக்கறீங்க, அதுவும் ஹேஸலக்கா முன்னால. அப்பவும் இல்லன்னா, உங்கள நாலு பேர் முன்னால பொய்யாக்கின மாதிரி ஆகும். இந்த வீட்டுல வாழ வந்தவ அதைச் செய்யலாமா? என் பேரு கெட்டாலும் உங்க வார்த்தை நிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"வேலை போயிடும்னு தெரியாதா?"

"தெரியும்."

ஹேஸல் தட்டைக் கீழே வைத்தாள்.

நான்கு மணி அடித்தது. துறைமுகத்தில் பனியுடைக்கும் கப்பல் ஒன்று ஊதியது. எய்னார் வக்கீலின் முன் இருந்த தாளை இழுத்து, நாலாக மடித்து, தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கிழிப்பது ஆர்ப்பாட்டம் என்பது அவர் எண்ணம்.

அதன் பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்க ஒன்றாம் விதி இருந்தது. சொந்த வீட்டு மனிதர்களிடம் கேட்க அப்பா ஒன்றும் எழுதிவைக்கவில்லை. பத்தையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்; இல்லை. எண்பத்தொரு வயதில், வக்கீலும், வெளியூர்க்காரர் இருவரும், எதையும் மூன்று தெரு தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய ஹேஸலும் பார்த்திருக்க, மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான் தப்புப் பண்ணிட்டேன் சிக்னி. நீ நைகார்ட் வீட்டுப் பொண்ணுங்கிறத மட்டும்தான் பார்த்தேன். என்னை மன்னிச்சிடு."

வேரா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டெஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அவனாகவே மூடிக்கொண்டான்.

"உட்காருங்க மாமா, முட்டி வலிக்கும்" என்றாள் சிக்னி. "நான் இருக்கேன். ஆனா கடைக்காரங்களுக்குத் திருத்தக் கடிதம் நான் எழுதறேன், என் பேர்ல, என் கையெழுத்துல. இதுங்க மூணும் தங்களுக்குள்ள எப்படிப் பேசிக்கணும்கிறதையும் நான்தான் எழுதுவேன். கூடாதுன்னா முதல் தடவையே கூடாது. அதை யாரும் மறுபடி கேக்கப்படாது. நீங்களும்தான்."

"அது நம்ம வழக்கம் இல்லையேம்மா."

"இனிமே வழக்கம்."

எய்னார் யோசித்தார். இரண்டாவது முறை மறுக்காமல் சம்மதித்தார். திருத்தக் கடிதம் மறுநாள் மதியத்துக்குள் முந்நூற்று நாற்பது கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த ஞாயிறு சாப்பாட்டு மேசையில் சிக்னி, நில்ஸ் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் உட்காரும்படி சொன்னவர் எய்னார்.

துறைமுகத் தெருவில் இன்றும், பெர்க்ஸ்டாட் கிழவர் பெரிய மனசு பண்ணி மருமகளை மன்னித்துவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. மன்னித்தவள் மருமகள்.